மேல்வீட்டிலிருந்து ஒரு பிடி நெல்

வேலை முடிந்து வந்தால் அவள் நேராக வீட்டுக்குள் வரமாட்டாள். கேட்டுக்கு வெளியே நின்று முதலில் துப்பட்டாவை உதறுவாள். அப்புறம் செருப்பைக் கழற்றி ஒன்றோடு ஒன்று தட்டுவாள். பேன்ட்டின் கால் மடிப்பைப் பிரித்து விரலால் தடவுவாள். கடைசியாகப் பையைக் கவிழ்த்துக் குலுக்குவாள். சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், சீப்பு, பேனா எல்லாம் ரோட்டில் விழும். ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல "அக்கா, காபி இருக்கா?" என்று கேட்டபடி உள்ளே வருவாள்.

முதல் நாள் இதைப் பார்த்த நான், பாவம், எங்கேயோ சாவு வீட்டுக்குப் போய்விட்டு வருகிறாள் என்று நினைத்து ஒரு சொம்புத் தண்ணீரோடு கேட்டுக்கு ஓடினேன்.

"யாரும்மா தவறிட்டாங்க?"

"யாரும் இல்லக்கா. நெல்லு ஏதாச்சும் ஒட்டிக்கிட்டு வந்திருக்கான்னு பாத்தேன்."

"நெல்லு வந்தா மகாலட்சுமி வந்த மாதிரி. அதப்போய் யாராச்சும் ஒதறுவாங்களா?"

"இந்த நெல்லு வெளிய வரக் கூடாதுக்கா" என்றாள். சொம்பை வாங்கி, நான் எதற்கு நீட்டினேன் என்று கேட்காமல் கடகடவென்று குடித்துவிட்டாள்.

எங்கள் ஊர் அரூரிலிருந்து தீர்த்தமலை போகிற வழியில் இருக்கிறது. ஊருக்கு வெளியே கம்பி வேலி போட்ட ஓர் ஆராய்ச்சி நிலம் உண்டு. எந்த ஆபீசுக்குச் சொந்தம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அங்கே வேலைக்கு வந்தவள்தான் அவள். காவிரி கடலில் சேர்கிற பக்கத்துப் பெண். கல்யாணம் ஆகவில்லை. எங்கள் மாடி காலியாக இருந்தது, குடிவந்தாள். அவளுக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. ஆனால் எங்கள் தெருவில் யாரும் அதைச் சொன்னதில்லை. எல்லாருக்கும் அவள் மேல்வூட்டுப் பொண்ணு.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். என் வீட்டுக்காரர் அரூரில் கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். பெரிய படிப்புப் படித்தவர்களைப் பார்த்தால் எங்களுக்குக் கொஞ்சம் பயம்தான். இவளிடம் அந்தப் பயம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஏனென்றால் எதைக் கேட்டாலும் அவள் முதலில் சொல்லும் பதில் "தெரியாதுக்கா" என்பதுதான். கண்ணால் பார்த்தது எதுவோ அதை மட்டும் சொல்வாள். அதற்கு மேல் ஒரு சொல் வராது. முகத்துக்காகச் சொல்வது, மரியாதைக்காகச் சொல்வது என்பதெல்லாம் அவளிடம் கிடையாது.

என் வீட்டுக்காரரின் அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்; பக்கத்துத் தெருவில் இருக்கிறார். அவருடைய கேழ்வரகுக் களியைச் சாப்பிட்டவர்கள் எல்லாரும் "ஆகா" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். வேறு மாதிரி சொல்ல யாருக்கும் தைரியம் வந்ததில்லை. ஒரு நாள் களியும் மொச்சைக்கொட்டைக் குழம்பும் தூக்குவாளியில் போட்டு மாடிக்கு எடுத்துப் போனார்.

"எப்படி இருக்குது?"

"குழம்பு ரொம்ப நல்லா இருக்கு பெரியக்கா. களி கட்டி தட்டியிருக்கு."

அண்ணி கீழே இறங்கி வந்த வேகத்தில் படிக்கட்டே ஆடியது. "என் மாமியாகூட இந்த மாதிரி ஒரு வார்த்த சொன்னதில்ல! கட்டியாம் கட்டி! நெல்லு எண்ணறவளுக்குக் களியப் பத்தி என்னா தெரியும்?" என்றவர், மறுநாள் மத்தியானம் மறுபடியும் தூக்கோடு வந்து நின்றார். அவள் ஓர் உருண்டையைப் பிட்டு, விரலால் நசுக்கிப் பார்த்து, வாயில் போட்டு மென்று, "இன்னிக்குக் கட்டி இல்ல" என்றாள். அண்ணியின் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! அன்றிலிருந்து தெருவில் அவள் வாயால் வரும் "நல்லா இருக்கு" என்பது ஹால்மார்க் முத்திரை மாதிரி ஆகிவிட்டது.

அதே குணம் வேறிடத்தில் வம்பும் இழுத்தது. அவளுடைய ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு பையனுக்குப் பெண் கொடுக்கலாமா என்று விசாரிக்க எதிர்வீட்டுக்காரர் பழத்தட்டோடு வந்தார். "பையன் எப்படிம்மா?" என்றார். "டைமுக்கு வருவாரு" என்றாள். "அப்புறம்?" "அது மட்டுந்தாங்க பாத்திருக்கேன்." மனிதர் பழத்தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டே போய்விட்டார்.

அவள் செய்கிற வேலைதான் என்ன என்று ஒரு நாள் கேட்டேன். என் வீட்டுக்காரர் அப்போதுதான் கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்திருந்தார். வண்டியை நிறுத்தி, கைகால் கழுவி, தலையில் ஹெல்மெட்டோடு இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். இது எங்கள் வீட்டில் நடப்பதுதான். மனிதருக்கு மாட்ட மறக்காது, கழற்றத்தான் மறந்துபோகும்.

"அக்கா, அண்ணனப் பாருங்க" என்றாள் அவள். "நெல்லு இலையும் இதேதான் பண்ணுது."

"எங்கூட்டுக்காரரு மாதிரியா?"

"ஆமாக்கா. வெயில் சுள்ளுனு அடிச்சா இலையால அவ்வளவு வெளிச்சத்தையும் தாங்க முடியாது. தன்னக் காப்பாத்திக்க, வர்ற வெளிச்சத்துல ஒரு பங்கைச் சூடா மாத்தி வெளிய தள்ளிடும். அதுதான் ஹெல்மெட். அப்புறம் ஒரு மேகம் வந்து மூடும். இப்ப வெளிச்சமே கம்மி, ஹெல்மெட் வேண்டாம். ஆனா இலை ஒடனே கழட்டாது. கொஞ்ச நேரம் அப்படியே ஒக்காந்திருக்கும். கெடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் வெளிய தள்ளிக்கிட்டு."

"அப்ப இவருக்கு என்னாதான் வைத்தியம்?"

"அண்ணனுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. நாங்க நெல்லுக்குத்தான் பண்றோம்."

என் வீட்டுக்காரர் ஹெல்மெட்டைக் கழற்றி அடுப்படித் திட்டில் வைத்துவிட்டு, "நெல்லுக்கு என்னா பண்றீங்க?" என்றார், கொஞ்சம் ரோஷமாக.

"கழட்டற வேல அதுக்கு ஏற்கெனவே தெரியும்ண்ணே. மெதுவாச் செய்யுது. அதச் செய்ய வைக்கிற மரபணுவைச் செடிக்குள்ள கொஞ்சம் கூட்டி வெச்சிருக்கோம். சுறுசுறுப்பாக் கழட்டும். ஒரு நாள்ல எவ்வளவு மேகம் போகுது, காத்துல மேல் இலை எத்தன தடவ கீழ் இலை மேல நெழல் போடுது. அத்தனையும் மிச்சமானா மணி கூடலாம்."

"கூடுமா?"

"கூடலாம்."

"அட, கூடுமா கூடாதா? ஒண்ணச் சொல்லும்மா."

"இன்னும் அறுக்கலையேண்ணே."

இந்த "இன்னும் அறுக்கலையே" எங்கள் தெருவின் வாய்ப்பேச்சாகிவிட்டது. மழை வருமா என்றால் இன்னும் அறுக்கலையே. பிள்ளை பாஸாகுமா என்றால் இன்னும் அறுக்கலையே. எங்கள் ஊர் டவுன் பஸ் டிரைவர்கூட, அரூருக்கு எப்போது போய்ச் சேரும் என்று கேட்டவரிடம் அப்படித்தான் சொன்னாராம்.

எனக்கு ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. நான் தினமும் விளக்கேற்றித் தீர்த்தமலையான் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறவள். ஈசுவரன் படைத்த இலையை மனுஷர் திருத்துவது அடுக்குமா? ஒரு சாயங்காலம் கேட்டேவிட்டேன்.

என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "ஏன், நம்மூரு மாங்கன்னுக்கெல்லாம் ஒட்டுக் கட்டலியா? அது மாதிரிதான் இதுவும். இல்லம்மா?"

அவள் சார்பாகத்தான் பேசினார். அவள் ஆமாம் என்று ஒரு தலையாட்டு ஆட்டியிருந்தால் என் மனசும் ஆறியிருக்கும். ஆட்டவில்லை.

"இல்லண்ணே. ஒட்டு வேற, இது வேற. ஒட்டு ரெண்டு செடியச் சேத்துக் கட்டறது. இது உள்ள போய்க் கை வைக்கிறது. ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லி அக்காவ ஏமாத்தக் கூடாது." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "தப்பா இல்லையான்னு எனக்குத் தெரியாதுக்கா. சாப்பிடற வாய் கூடிக்கிட்டே போகுது, நெலம் கூடப் போறதில்ல. அது தெரியும். அதனாலதான் செய்யறோம். முழுசாத் தெரியாததாலதான் வேலி போட்டு, வல போட்டு, பூட்டுப் போட்டுச் செய்யறோம்."

தப்பே இல்லை என்று அவள் அடித்துச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். தெரியாது என்று சொன்னதால் நம்பினேன். அடுத்த திங்கட்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு தீர்த்தமலை ஏறினேன். பாறையிலிருந்து விழுகிற தீர்த்தத்தில் தலை நனைத்து, சந்நிதியில் கண்ணை மூடி ரொம்ப நேரம் நின்றாள். இறங்கும்போது என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன்.

"வேலிக் கதவ மறக்காமப் பூட்டணும்னு வேண்டிக்கிட்டேன்க்கா."

மகசூல் பெருக வேண்டும் என்றோ, நல்ல மாப்பிள்ளை வர வேண்டும் என்றோ கேட்கவில்லை. பூட்டுக்காக மலை ஏறினவளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த வருஷம் ஆடியில்தான் அது நடந்தது.

எங்கள் மாரியம்மனுக்கு ஆடியில் முளைப்பாரி எடுப்போம். இதற்கு விதையை யாரும் கடையில் வாங்கக் கூடாது. அண்ணி மாதிரி மூத்த பெண்கள் முறத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி தானியம் போடுவார்கள். நெல், கம்பு, சோளம், மொச்சை, எது இருக்கிறதோ அது. ஒரு வீடும் விடுபடக் கூடாது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துச் சட்டிகளில் விதைத்து, கோயிலை ஒட்டிய இருட்டறையில் வைத்துவிடுவார்கள். வெயில் படாமல் வெளுத்து, மஞ்சளாக, நெடுநெடுவென்று வளரும். கடைசி வெள்ளிக்கிழமை ஊர்வலமாக எடுத்துப் போய் ஏரியில் விடுவோம். விடும்போது ஆளுக்கு நாலு நாற்றைப் பிடுங்கிக்கொண்டு வந்து அவரவர் வயல் மூலையில் நட்டுக்கொள்வதும் உண்டு. ஆத்தாள் கொடுத்த நாற்று.

முறம் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று மேல்வீடு பூட்டியிருந்தது. அவள் ஏதோ மீட்டிங் என்று கோயமுத்தூர் போயிருந்தாள். அண்ணி மாடி ஏறிப் பார்த்திருக்கிறார். ஜன்னல் திறந்திருந்தது. கம்பிக்கு உள்ளே விளிம்பில் ஒரு காகிதக் கவர், அதில் நெல். கையை விட்டு ஒரு பிடி அள்ளி முறத்தில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். சாயங்காலம் என்னிடம் அதைப் பெருமையாகச் சொன்னார்.

"அவளும் ஒரு குடித்தனந்தான? கல்யாணம் ஆவலன்னா வூடு இல்லன்னு ஆயிடுமா? அவ வூட்டப் பங்கு சேக்காம வுட்டா ஆத்தா என்னத்தான் கேப்பா."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவளை எங்களில் ஒரு வீடாக எண்ணியதில் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அவள் திரும்பி வந்தபோது முளைப்பாரி விரல் நீளம் வளர்ந்திருந்தது. மாடிக்குப் போனவள் உடனே இறங்கி வந்தாள். கையில் அந்தக் கவர். ஆடிச் சாரலில் நனைந்து அதன் மேலிருந்த எழுத்து கரைந்து நீலமாக வழிந்திருந்தது.

"அக்கா, இதுல இருந்து யாராச்சும் எடுத்தாங்களா?"

அண்ணி கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "நாந்தான். ஒரே ஒரு பிடி. மொளப்பாரிக்கு உன் வூட்டுப் பங்கு."

அவள் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னா புள்ள, ஒரு பிடி நெல்லுக்கா இப்படி?" என்றார் அண்ணி.

"அது எந்த நெல்லு பெரியக்கா?"

"அத நீதான சொல்லணும்?"

"சாதா நெல்லுதான். பதரு பிரிச்சுப் பாக்கக் கொண்டாந்தேன். வேலிக்குள்ள இருக்கற அந்த நெல்ல நான் ஒரு நாளும் வெளிய எடுத்ததில்ல."

"அப்புறம் என்னாத்துக்குப் பயப்படற?"

"வெதைச்சு மிஞ்சின அந்த நெல்லையும் இதையும் ஒரே மேசைல வெச்சுக் கவர் போட்டேன். எழுத்தும் அழிஞ்சு போச்சு. கவர் மாறியிருந்தா?"

"மாறியிருக்குமா?"

"மாறியிருக்காது." கவரைத் திருப்பிப் பார்த்தாள். "ஆனா நான் பாக்கலையே."

விஷயம் எவ்வளவு பெரியது என்று அப்புறம்தான் விளங்கியது. வேலியைத் தாண்டி ஒரு மணியும் போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்துத்தான் அந்த நிலத்துக்கு அனுமதி வாங்கியிருக்கிறார்கள். போய்விட்டது என்றால் வேலிக்குள் நிற்கும் பயிர் மொத்தத்தையும் அழித்துவிடலாம். அவள் வேலையும் போகலாம். படித்து முடித்ததிலிருந்து அவள் பிடித்துக்கொண்டிருந்த வேலை அது ஒன்றுதான்.

என் வீட்டுக்காரர் வந்து கேட்டார், தலையில் ஹெல்மெட்டோடு. "இது நம்ம நாலு பேருக்குத்தான தெரியும்? நீயே சாதா நெல்லுங்கற. வுட்டுடும்மா. வெள்ளிக்கெழம ஏரிக்குப் போயிடும், முடிஞ்சுது."

"ஏரியோட முடியாதேண்ணே. நாத்தப் புடுங்கி நடுவாங்களே. அவங்களக் கேக்காம அவங்க வயலுக்குள்ள நான் எப்படிப் போறது?"

"வாய மூடிக்கினு கெட புள்ள" என்றார் அண்ணி. "ஆத்தா பாத்துக்குவா."

"ஆத்தா பாத்துக்குவா பெரியக்கா. நான் பாக்கணுமே."

அன்று சாயங்காலமே மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று தன் மேலதிகாரிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் திட்டியது துணி உலர்த்திக்கொண்டிருந்த எனக்கே கேட்டது. "ஆமா சார்... என் தப்புதான் சார்... கவர ஜன்னல்ல வெச்சது நான்தான் சார்..." அண்ணி கையை விட்டதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் கோயில் முன்னால் கூட்டம். எங்கள் தர்மகர்த்தா ரிட்டயர்டு கண்டக்டர். யாராவது அதிகம் பேசினால் நாக்கை மடித்து விசில் அடித்துவிடுவார். அவள் எல்லாருக்கும் நடுவில் நின்று நடந்ததைச் சொன்னாள். ஒரே கூச்சல்.

"விஷ நெல்லா?"

"விஷம் இல்லைங்க."

"அப்பறம் என்னா?"

"உங்களுக்குச் சொல்லாம உங்க வயலுக்கு வந்துடக் கூடாதுங்க. அவ்வளவுதான்."

"மகசூல் ஜாஸ்தி வர்ற நெல்லுன்னாங்க! அப்படின்னா எனக்கு ஒரு கட்டு நாத்துக் குடும்மா!" என்றார் கடைசி வரிசையிலிருந்து ஒருவர். நாலு பேர் சிரித்தார்கள்.

"விரதம் இருந்து வளத்துனு இருக்கோம், உனுக்குச் சிரிப்பா வருதா?" என்று ஒரு பெண் பாய்ந்தாள். "ஆத்தா சட்டியில எவளோ எதையோ போட்டுட்டா! இந்தப் பொண்ண மொதல்ல ஊர வுட்டு அனுப்புங்க!"

தர்மகர்த்தா விசில் அடித்தார்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு யோசனை. இலையில் கவ்வவிட்டு, ஹெல்மெட்டை எவ்வளவு சீக்கிரம் கழற்றுகிறது என்று அளக்க அவளிடம் ஒரு கருவி இருந்தது. பார்க்கத் துணிக் கிளிப் மாதிரி இருக்கும். "அத வெச்சு இப்பவே பாத்துட்டாத் தெரிஞ்சிடுமே?" என்றார்.

"அது பச்ச எலைக்குத்தாண்ணே. இது இருட்டுல வளந்தது, வெளிச்சமே பாக்காத எல. இதுக்கு ஹெல்மெட் மாட்டவே இன்னும் தெரியாது. கொஞ்ச நாள் வெயில்ல வெச்சுப் பச்ச கட்டினாத்தான் பாக்கலாம்."

பூசாரி எழுந்துவிட்டார். "வெள்ளிக்கெழமைக்கு முன்னால மொளப்பாரி மேல வெயில் படறதா? என் உசுரு இருக்கற வரைக்கும் நடக்காது."

"சரிங்க, வேண்டாங்க" என்றாள் அவள் உடனே. "எலத் துண்டு வெட்டி லேப்புக்கு அனுப்பிப் பாத்துக்கறோம். பதில் வர நாளாகும். அதுவரைக்கும் ஏரிக்கு மட்டும் போக வேண்டாம். அது ஒண்ணுதான் கேக்கறேன்."

"தண்ணில வுடாம? தெருவுல கொட்டச் சொல்றியா?"

கூட்டம் அவளையே பார்த்தது. நான் மனசுக்குள் "தாயே, தாயே" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

"நெல்ல எடுத்தது நான். அதச் சொல்லாம இந்தப் பொண்ணு நின்னுனு இருக்குது. ஏம்மா, உன் வேலிக்குள்ள தண்ணி கெடக்குதா?"

"தொட்டி இருக்கு பெரியக்கா. வலைக்கு வெளிய, வேலிக்கு உள்ள."

"பூட்டு இருக்குதா?"

"இருக்கு."

"அப்ப ஆத்தாள அங்க கூட்டினு போவோம்! ஏரித் தண்ணியும் ஆத்தா தண்ணிதான், தொட்டித் தண்ணியும் ஆத்தா தண்ணிதான்."

பூசாரி யோசித்தார். "நீ சொன்னாப் போதுமா? ஆத்தா சொல்லணும்" என்றவர், அம்மனின் இரண்டு தோளிலும் ஈரச் சாமந்தி ஒவ்வொன்றை ஒட்டினார். வலதுபக்கப் பூ முதலில் விழுந்தால் சம்மதம், இடது விழுந்தால் இல்லை. நான் கண்ணைத் திறக்கவே இல்லை. குலவைச் சத்தம் கேட்டுத்தான் திறந்தேன். வலது பூ அம்மன் மடியில் கிடந்தது.

ஆபீஸிலிருந்து அனுமதி வாங்க அவள் பட்ட பாடு வேறு. வேலிக்குள் சாமி ஊர்வலமா என்று போனில் மறுபடியும் கத்தினார்களாம். தொட்டிவரை மட்டும், அவள் கண் முன்னால் மட்டும் என்று கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை பம்பை முழங்க முளைப்பாரி ஏரிப் பக்கம் திரும்பாமல் வேலிப் பக்கம் திரும்பியது. அத்தனை சட்டியையும் சிமெண்டுத் தொட்டியில் இறக்கினோம். அந்தப் பக்கம் வலைக்குள் அவளுடைய நெல் பால் பிடித்து நின்றது. மேகம் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது.

வெளியே வரும்போதுதான் வேடிக்கை. கதவண்டை அவள் நின்றுகொண்டாள். ஒருவரையும் சும்மா விடவில்லை. பெண்கள் புடவைக் கொசுவத்தை உதறினார்கள். ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துண்டை உதறினார்கள். பம்பைக்காரர் பம்பையைக் கவிழ்த்துத் தட்டினார். பூசாரி தாடியைக் கோதிக் காட்டினார். அவளை ஊரை விட்டு அனுப்பச் சொன்ன அதே பெண் தலைமுடியைப் பிரித்துக் குனிந்து உதற, அவள் விரலால் தடவிப் பார்த்து "சரிங்கக்கா, ஒண்ணும் இல்ல" என்றாள். தர்மகர்த்தா விசில் அடித்து "அடுத்த ஆளு, அடுத்த ஆளு!" என்று வரிசையை நகர்த்திக்கொண்டிருந்தார். கடைசியில் அவரும் உதறினார். சட்டைப் பையிலிருந்து விபூதிப் பொட்டலமும் விசிலும் விழுந்தன. உண்மையாகவே ஒரு விசில் வைத்திருந்தார் மனிதர்!

திரும்பி வரும்போது ஊரே சிரித்துக்கொண்டு வந்தது.

ஆனால் நடக்க வேண்டியது நடந்தது. அடுத்த வாரம் ஜீப்பில் அதிகாரிகள் வந்தார்கள். பதில் வரும்வரை அவள் வேலிக்குள் போகக் கூடாது என்றார்கள். பிறகு, எங்கேயோ வடக்கே ஓர் ஊரில் சோதனைக்கூடத்துக்கு மாற்றல் போட்டார்கள். அறுப்புக்கு இருந்த நெல்லை வேறொருவர் வந்து அறுத்தார். பெட்டி கட்டும்போது அவள் அழவில்லை. மாடி அறையைப் பெருக்கித் துடைத்து, சுவர் மூலைகளை டார்ச் அடித்துப் பார்த்து, "ஒண்ணும் இல்லக்கா, சுத்தமா இருக்கு" என்று சாவியைக் கொடுத்தாள். நான்தான் அழுதேன்.

புரட்டாசியில் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். அண்ணியும் பக்கத்தில் இருந்தார்.

"அக்கா, பதில் வந்துடுச்சு. எல்லாம் சாதா நெல்லுதான்."

அண்ணி போனைப் பிடுங்கினார். "நாந்தான் அப்பவே சொன்னனே! சாதா நெல்லுக்கா இவ்வளவும்? வாய மூடிக்கினு இருந்திருந்தா நீ இந்நேரம் இங்க ஒக்காந்து களி தின்னுனு இருப்பியே!"

"ஆமா பெரியக்கா."

"ஏரிக்கே போயிருக்கலாமே!"

"போயிருக்கலாம். ஆனா சாதா நெல்லுன்னு தெரிஞ்சிருக்காதே."

அண்ணி போனை என் கையில் திணித்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நான் மெதுவாக, "அறுத்தாங்களேம்மா, கூடிச்சா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் கூடியிருக்குன்னு சொல்றாங்கக்கா. ஒரு போகத்த வெச்சு எதுவும் சொல்ல முடியாது. வேலிக்குள்ள வேல பழையபடி நடக்குது. அது போதும்."

தன்னைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று தீர்த்தமலையானுக்கு ஒரு விளக்கு அதிகமாக ஏற்றினேன். எதற்கு என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது.

அடுத்த ஆடி பிறந்தது. முறம் எடுக்கும் நாள் பார்த்து அண்ணிக்குத் தபாலில் ஒரு பார்சல் வந்தது. உள்ளே கடையில் விற்கிற பாசிப்பயறுப் பாக்கெட் ஒன்று, கம்பெனி சீலோடு. அதன் மேல் பட்டையான பேனாவால் எழுதியிருந்தது: "கடையில் வாங்கியது. நான் பிரிக்கவில்லை. நீங்களே பிரியுங்கள்."

"மொளப்பாரிக்குக் கடைல வாங்கனது ஆவாதேம்மா" என்றார் கூட வந்திருந்த ஒரு பெண்.

"அவ வூட்டுக்கு இதுதான் வெள்ளாம" என்றார் அண்ணி. பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நாலு பக்கமும் சீல் சரியாக இருக்கிறதா என்று விரலால் தடவினார். பிறகு பல்லால் கடித்துக் கிழித்து, நிறைய ஒரு பிடி அள்ளி முறத்தில் போட்டார். தெருமுனைவரை கேட்கிற மாதிரிக் குரல் கொடுத்தார்:

"மேல்வூட்டுப் பங்கு சேந்தாச்சு! அடுத்த வூட்டுக்கு வாங்க!"